கோவைக்குப் போகும் முன்

அம்மாபேட்டை,
சேலம்.

அன்புக் கண்ணுக்கு,

டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விழாவுக்குப் போக ஆசை, ஆனால் எழுத்தாளர்கள் கூடுகிற இடத்தில் வாய் திறக்கவே வராது என்று எழுதியிருந்தாய். போய் வா. கூச்சம் போகட்டும் என்று காத்திருந்தால் எந்த டிசம்பரிலும் கிளம்ப மாட்டாய்.

நம் ஊர்க் கவிஞர் சி.மணியை நினைத்துக்கொள். ஆங்கிலப் பேராசிரியர், மேடையைத் தேடாதவர். வே.மாலி, செல்வம் என்று வேறு பெயர்களிலும் எழுதி ஒதுங்கியே இருந்தார். ஆனாலும் 1968இல் இதே சேலத்திலிருந்து 'நடை' சிற்றிதழ் வந்ததற்கு அவர்தான் முதல் காரணம். வந்தவை எட்டு இதழ்களே. பின்னாளில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் அதில்தான் வெளிவந்தது. அடுத்தவர் எழுத்துக்கு இடம் கொடுத்த மனிதரை எழுதுகிறவர்கள் தாமாகவே தேடி வருவார்கள். இதை நான் முழுதாக நம்புகிறேன்.

அதனால் பையில் உன் கதைகளை அடுக்கிக்கொண்டு போகாதே. அந்த விழாவில் இளம் எழுத்தாளர்களை உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்கும் அமர்வுகள் உண்டு. யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எழுதியதையெல்லாம் இப்போதிருந்தே படி. "உங்க எழுத்து ரொம்பப் பிடிக்கும்" என்றால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார். "அந்தக் கதையில் அம்மா ஏன் கடைசிவரை பேசவே இல்லை?" என்று கேட்டுப் பார், நின்று பேசுவார். அரங்கில் கை தூக்க வரவில்லையா, டீ குடிக்கும்போது கேள். அதுவும் முடியவில்லை என்றால் வீட்டுக்கு வந்து கடிதமாக எழுது. பேச்சில் திணறுகிற உனக்குக் கடிதம் நன்றாக வரும். எனக்கு எழுதுவதிலேயே தெரிகிறது.

பெரிய பெயர்களையே பார்த்துக்கொண்டிருக்காதே. சாப்பாட்டு வரிசையில் உனக்கு முன்னால் நிற்கிற, உன் வயதுப் பெண் என்ன படிக்கிறாள் என்று கேள். உன் கதையை முதலில் படித்துக் குறை சொல்லப்போகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் அங்கேயே சம்மதம் சொல்லாதே. போன் நம்பர் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் என்பதற்காக யாருக்கும் உன்மேல் உரிமை வந்துவிடாது.

பெருங்கூட்டம் பயமாக இருந்தால் சின்னக் கூட்டத்தில் தொடங்கு. நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தன் வீட்டு மொட்டைமாடியில் 'கூடு' சந்திப்பை நடத்தினார். மாணவர்கள் கட்டுரை வாசித்துப் பழகியது அங்கேதான். பத்துப் பேர் கூடுகிற அப்படி ஓர் இடம் சேலத்திலும் இருக்கும். உன் கல்லூரித் தமிழாசிரியரைக் கேள்.

இரண்டு நாள் வெளியூரில் தங்குவதைப் பற்றி அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடு.

அன்புடன்,
மாமா