மெமரிக் கண்ணிகளை பூட்டிலேயே வையுங்கள்

டிரைவர் எழுதிக் கைதேர்ந்தவர்கள்கூட மெமரிப் பிழை என்றதும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மெஷின் முழுசாக எழுந்த பிறகு ஏதோ ஒரு ஃபைலில் ‘1’ என்று எழுதி, சோதனையை முடுக்கிவிடப் பார்க்கிறார்கள். லினக்ஸில் அது பெரும்பாலும் பலிக்காது. ஸ்லாப் கேச்சில் ஒரு ஆப்ஜெக்டுக்கு எத்தனை பைட், அதன் ஓரத்தில் காவல் பைட்டுகள் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த கேச் பிறக்கும்போதே முடிவாகிவிடும். பூட் தொடங்கிய சில நொடிகளிலேயே பிறந்துவிடும் கேச்சுகள் ஏராளம். 5.9 கெர்னலில் ஸ்லாப் கேச்சுகளின் அந்தச் சோதனை ஃபைல்களையே படிக்க மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, கேட்கவேண்டியதை பூட் கமாண்ட் லைனிலேயே கேட்டுவிட வேண்டும்.

(இங்கே தமிழில் எழுதும் கான்ஃபிக், பாராமீட்டர் பெயர்களை மெஷினில் ஆங்கில எழுத்தில், இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போட்டுத் தட்டுங்கள்.)

கெர்னல் கான்ஃபிக்கில் ‘பேஜ் பாய்சனிங்’, ‘டீபக் பேஜ்அலாக்’, ‘பேஜ் ஓனர்’, ‘ஸ்லப் டீபக்’ நான்கையும் சேர்த்து பில்ட் செய்யுங்கள். சேர்த்ததாலேயே எதுவும் ஓடத் தொடங்காது; வேகமும் சொல்லும்படி குறையாது.

கமாண்ட் லைனை மாற்ற க்ரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் சேருங்கள். க்ரப் ஃபைலில் நிரந்தரமாக எழுதாதீர்கள். எழுதிவிட்டு மறந்துபோய், “மெஷின் ஆமை வேகத்தில் போகிறது” என்று வந்து நிற்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

பலரும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். ‘பேஜ் பாய்சன்=1’ கொடுத்தால், திரும்பி வந்த ஒவ்வொரு பேஜையும் கெர்னல் ஹெக்ஸ் ‘ஏஏ’ பைட்டால் நிரப்பிவைக்கும். அந்த பேஜை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் ‘ஏஏ’ கலைந்திருக்கிறதா என்று பார்க்கும். கலைந்திருந்தால், கையை விட்டுப்போன மெமரியில் யாரோ எழுதியிருக்கிறார்கள். ‘இனிட் ஆன் ஃப்ரீ=1’ அதே பேஜைப் பூஜ்யத்தால் துடைக்கும், பிறகு எதையும் சரிபார்க்காது. முன்னது திருடனைப் பிடிக்க, பின்னது ரகசியம் கசியாமல் காக்க. இரண்டும் ஒரே பேஜில் குடியிருக்க முடியாது. இரண்டையும் கேட்டால் கெர்னல் பாய்சனை வைத்துக்கொண்டு, இனிட் ஆன் ஃப்ரீயையும், மெமரியைக் கொடுக்கும்போது துடைக்கும் இனிட் ஆன் அலாக்கையும் அணைத்துவிடும்.

5.11க்கு முந்தைய கெர்னலில் இது குழப்பமாக இருந்தது. கமாண்ட் லைனில் எந்தச் சொல் முன்னால் வருகிறதோ அதன் ஹேண்ட்லர்தான் முதலில் ஓடும். பாய்சன் பின்னால் வந்தால், இரண்டும் மோதுகின்றன என்ற எச்சரிக்கை லாகில் வரவே வராது. பிறகு வந்த திருத்தம் எளிமையானது: ஹேண்ட்லர்கள் ஒரு பூலியனை மட்டும் குறித்துவைக்கும். எல்லா ஆரம்ப பாராமீட்டர்களும் படித்து முடிந்த பிறகு ஒரே ஃபங்ஷன் மொத்தத்தையும் பார்த்து, எது ஆன், எது ஆஃப் என்று தீர்மானித்து, அடிக்கடி ஓடும் பாதைகளில் ஸ்விட்ச்சாக இருக்கும் ஸ்டாட்டிக் கீகளைத் திருப்பும். பேஜ் அலாகேட்டர் வேலையைத் தொடங்குமுன் இது முடிந்துவிடும்.

சொந்தமாக ஒரு மெமரிச் சோதனையை கெர்னலில் சேர்க்கிறீர்கள் என்றால் இதே முறையைப் பின்பற்றுங்கள். பாராமீட்டர் ஹேண்ட்லருக்குள் ஸ்டாட்டிக் கீயைத் தொடாதீர்கள். அந்தக் கீகளை இயக்கும் ஜம்ப் லேபல் தயாராகுமுன் கீயைத் திருப்பினால் கெர்னல் எச்சரிக்கை கொட்டும். எக்ஸ்86, ஆர்ம்64 இரண்டும் அதை முன்கூட்டியே தயார் செய்துவிடுவதால் உங்கள் மேஜையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். வேறு ஆர்க்கிடெக்சரிலும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பூலியனுக்கு இன்னொரு பயனும் உண்டு. ‘டீபக் பேஜ்அலாக்=ஆன்’ கொடுத்தால், விடுவித்த பேஜின் மேப்பிங்கையே கெர்னல் கழற்றிவிடும்; தொட்டவுடன் ஃபால்ட். ஒரு 4 கிலோபைட் பேஜைத் தனியாகக் கழற்றவேண்டுமானால், எக்ஸ்86இல் கெர்னலின் நேரடி மேப்பிங்கை 2 மெகாபைட் துண்டுகளாக அமைக்கக் கூடாது. அந்த முடிவு செட்டப்-ஆர்க்கிலேயே எடுக்கப்படுகிறது, கீகள் திரும்புவதற்கு வெகு முன்னால். அங்கே பூலியனைப் படிக்கிறார்கள். பிறகு அடிக்கடி ஓடும் பாதைகளில் கீயைப் படிக்கிறார்கள்.

உபுண்டு கெர்னலில் ‘இனிட் ஆன் அலாக்’ இயல்பாகவே ஆன். உங்கள் டிரைவர் ஒரு ஃபீல்டுக்கு மதிப்பு வைக்க மறந்தாலும் பூஜ்யமே கிடைக்கும். எல்லாம் சரி என்று தோன்றும். அது ஆஃபாக இருக்கும் வாடிக்கையாளரின் மெஷினில் போய்த்தான் வெடிக்கும். சோதிக்கும்போது ‘இனிட் ஆன் அலாக்=0’ என்று கட்டாயம் போடுங்கள்.

பூட் ஆனதும் டிமெசேஜில் ‘மெம் ஆட்டோ-இனிட்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஸ்டாக், ஹீப் அலாக், ஹீப் ஃப்ரீ மூன்றின் நிலையும் அங்கே அச்சாகும். பாய்சன் முந்திக்கொண்டது என்ற செய்தியும் அந்தப் பெயரில்தான் வரும். கொடுத்ததை நம்பாதீர்கள், அச்சானதை நம்புங்கள்.

ஸ்லாப் பக்கம் ‘ஸ்லப் டீபக்’ (6.9 முதல் ‘ஸ்லாப் டீபக்’). எல்லா கேச்சுக்கும் போட்டால் மெஷின் திணறும். சந்தேகம் கேமலாக்-64 மேல் என்றால், எஃப், இசட், பி, யு என்ற நான்கு எழுத்துகளுக்குப் பின் கமா போட்டு அந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். விடுவித்த ஆப்ஜெக்டில் ‘6பி’ பைட் நிறைந்திருக்கும். ஊப்ஸ் செய்தியில் ஏதாவது ரெஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி என்று இருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம்: விடுவித்த மெமரியிலிருந்து பாயிண்டரை எடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்86-64இல் அந்த முகவரி செல்லாத வகை என்பதால் பேஜ் ஃபால்ட் வராது, ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட் வரும். அதைப் பார்த்து ஹார்ட்வேரைச் சந்தேகிக்கிறவர்கள் நிறைய.

ஹார்ட்வேரை உண்மையிலேயே சந்தேகிக்க வேண்டிய செய்தி வேறு. பாய்சன் சோதனையில் ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் கெர்னல் ‘சிங்கிள் பிட் எரர்’ என்று தனியாகச் சொல்லும். அது வந்தால் சோர்ஸ் கோட் ஃபைலை மூடிவைத்துவிட்டு ரேமைச் சோதியுங்கள்.

‘பேஜ் ஓனர்=ஆன்’ யார் எந்த பேஜை வாங்கினார் என்று ஸ்டாக்கோடு பதியும். பூட்டின் தொடக்கத்தில் வாங்கிய பேஜுகள் அதில் விடுபடலாம். அவையும் தேவையென்றால் 6.1 முதல் ‘எர்லி பேஜ் எக்ஸ்ட்’ சேர்க்கலாம். வாடிக்கையாளரின் மெஷினில் இவை எதுவும் வேண்டாம், கேஃபென்ஸ் போதும். இயல்பாக 100 மில்லிசெகண்டுக்கு ஒரு அலாகேஷனை மட்டும் அது பரிசோதிக்கும், சுமை தெரியாது.

யாரிடமாவது உதவி கேட்டு லாக் அனுப்பினால் ஊப்ஸ் வரிகளை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முதல் வரியிலிருந்து முழு டிமெசேஜையும் அனுப்புங்கள். கமாண்ட் லைன் அதில்தான் இருக்கிறது.