ஒரே படம், மாவட்டத்துக்கு ஓர் இணைப்பு

தமிழ்நாட்டு வரைபடத்தில் தஞ்சாவூரைத் தொட்டால் தஞ்சாவூர் பக்கம் திறக்க வேண்டும். அதற்காகப் படத்தை 38 துண்டாக வெட்ட வேண்டாம். ஹெச்டிஎம்எல்லில் இமேஜ் மேப் வசதி 1990களிலிருந்தே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூடத் தேவையில்லை.

முதலில் படத்தின் அளவை முடிவுசெய்யுங்கள். பக்கத்தில் 600 பிக்சல் அகலத்தில் காட்டுவதென்றால், அந்த அளவுக்கே சுருக்கிச் சேமித்த பிறகு மாவட்ட எல்லைப் புள்ளிகளை எடுங்கள்.

இமேஜ் டேகில் யூஸ்மேப் சேர்த்து, ஹேஷ் குறியுடன் ஒரு பெயர் கொடுங்கள். அடுத்து மேப் டேகைத் திறந்து, நேம் என்ற இடத்தில் அதே பெயரை ஹேஷ் இல்லாமல் எழுதுங்கள். படத்தில் எங்கே தொட்டாலும் எதுவும் நடக்கவில்லையென்றால் முதலில் இந்த ஹேஷைத்தான் பாருங்கள்.

மேப்புக்குள் மாவட்டத்துக்கு ஓர் ஏரியா டேக். ஷேப் ‘ரெக்ட்’ என்றால் கோஆர்ட்ஸில் இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும்: 40,60,180,140 என்பதுபோல. ‘சர்க்கிள்’ என்றால் மையமும் ஆரமும். மாவட்ட எல்லைக்கு ‘பாலி’தான் சரி; முனைகளை வரிசையாக எழுத வேண்டும். பெயிண்டில் படத்தைத் திறந்து கர்சரை நகர்த்தினால் கீழ்ப்பட்டையில் எண்கள் தெரியும். எல்லையின் எல்லா நெளிவுகளையும் பிடிக்க வேண்டாம், பத்துப் பதினைந்து முனைகள் தாராளம். கணக்கு இடது மேல் மூலையில் தொடங்குகிறது. கீழே இறங்க இறங்க ஒய் கூடும்.

இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், முதலில் எழுதியதுதான் செல்லும். விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இடையில் கிடக்கும் புதுச்சேரியை மேலே எழுதிவிட்டால், அந்த இரண்டையும் கொஞ்சம் தாராளமாகவே வரையலாம்.

ஹெச்ரெஃபில் முகவரி, ஆல்ட்டில் மாவட்டத்தின் பெயர். ஆல்ட்டை விடாதீர்கள். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது அதைத்தான். குரோமில் டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு பகுதியின் வடிவமும் கோடாகத் தெரியும். பிசகை அங்கேயே பிடித்துவிடலாம்.

பெரிய சிக்கல் கைபேசியில்தான். படம் திரைக்கேற்பச் சுருங்கும், கோஆர்ட்ஸ் எண்கள் சுருங்காது. சேலத்தைத் தொட்டால் வேறெங்கோ போகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஸ்விஜி வரைபடம் எடுத்து, ஒவ்வொரு மாவட்ட வடிவத்தையும் இணைப்பு டேகுக்குள் வைப்பதே நல்லது. வியூபாக்ஸ் இருந்தால் எல்லாம் சேர்ந்தே சுருங்கும். அப்போதும் சென்னை விரல்நுனியைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதனால் வரைபடத்துக்குக் கீழே மாவட்டப் பெயர்களைச் சாதாரண இணைப்புகளாகவும் வரிசைப்படுத்திவிடுங்கள்.