மருந்துக்கு முன் கிருமியை வாசித்தல்

ஹெப்பாடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய் இன்று சில வார மாத்திரைகளால் குணமாகக்கூடியது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 2018 முதல் இதற்கு இலவசச் சிகிச்சை உண்டு. ஆயினும் நூற்றுக்குச் சிலருக்கு மருந்து பலிப்பதில்லை. காரணங்களுள் ஒன்று கிருமியின் மாற்றம்.

கரும்பலகையைப் பார்த்து அவசரமாகப் பாடம் எழுதும் மாணவனைப் போன்றது இக்கிருமி. நோயாளியின் உடலில் நாள்தோறும் சுமார் ஒரு லட்சம் கோடி கிருமிகள் புதிதாக உண்டாகின்றன. படியெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் வசதி அதற்கு இல்லை. (சரிபார்க்காமல் ஏட்டை நீட்டும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள்!) பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடு. சில மட்டும் மருந்து பற்றும் இடத்தை மாற்றிவிடுகின்றன. என்.எஸ்.5ஏ என்னும் புரதத்தின் 93ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி நிற்பது அத்தகையது; ஒய்93எச் என்பது அதன் பெயர். மருந்தே உண்ணாதவரிடமும் இது இருக்கலாம்.

மலேசியாவில் பெரும்பாலும் காணப்படும் 3ஆம் மரபு வகையில் இம்மாற்றம் தொல்லை தரும். 2015இல் வெளியான ஆஸ்ட்ரல்-3 ஆய்வில், அவ்வகையினர் சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் மருந்துகளை 12 வாரம் உண்டனர். என்.எஸ்.5ஏ மாற்றம் இல்லாதவர்களில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். ஒய்93எச் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினரே.

இரத்தத்திலிருந்து கிருமியின் மரபுப் பொருளைப் பிரித்துப் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசித்து இதைக் கண்டறிகிறார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் இச்சோதனை தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேர் பங்கேற்ற ஆய்வில், ரவிடாஸ்விரும் சோஃபோஸ்புவிரும் சேர்ந்து 97 விழுக்காட்டினரைக் குணப்படுத்தின. 2021இல் நம் நாடு ரவிடாஸ்விரைப் பதிவு செய்தது. இத்தகைய மருந்து கையில் இருக்க, செலவு மிக்க சோதனையின் முடிவுக்காக எல்லாரையும் காக்க வைப்பானேன்? காத்திருப்பவர் திரும்பி வராமலே போகலாம்.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய 3ஆம் வகையினருக்கும், முன்பு மாத்திரை உண்டும் குணமாகாதவர்களுக்கும் கதை வேறு. மாற்றம் தெரிந்தால் மருத்துவர் ரிபாவிரினைச் சேர்ப்பார், அல்லது மருந்துக் கூட்டையே மாற்றுவார். சிகிச்சை தோற்ற பின்னும் என்.எஸ்.5ஏ மாற்றம் பல ஆண்டுகள் உடலில் தங்கிவிடும். ஆகவே, பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தானமாகப் பெறும் இரத்தத்தில் இக்கிருமியைத் தேடும் சோதனை நம் நாட்டில் 1994இல் தொடங்கியது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்ட அன்பர்கள், உடம்பில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.