மூங்கிலினுள் முட்டையிடும் தவளை

அணைக்கட்டுப் பக்கத்துக் குடியானவர்களுக்குத் தவளை என்பது ஏரி, குட்டை, நன்செய் வயல் இவற்றைச் சார்ந்த பிராணி. மழை பெய்ததும் அது ஜலத்தில் முட்டையிடும். முட்டையினின்று தலைப்பிரட்டை தோன்றி, வால் நீங்கித் தவளையாகும். ஆதலால் பாலாற்றுப் பிரதேசத்தில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீர் ஏரியிற் கலந்தால், தவளைக்குக் கேடு ஜலத்தின் வழியே வருகின்றது. ஜலத்தை நாடாமலே முட்டையிடும் தவளைகளும் உண்டு. அவற்றிற்குக் கேடு வரும் வழி வேறு.

அத்தகைய தவளை ஒன்று தமிழ்நாட்டின் தென்கோடியில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த மேல்கோதையாற்று மலைக்காட்டில் வசிக்கின்றது. பிராணி நூலார் இதனை ராவோர்கெஸ்டிஸ் சாலசோடிஸ் என்பர். பச்சை நிறம், நீளம் ஏறக்குறைய ஓரங்குலம். 1876-ம் வருஷத்தில் குந்தர் என்னும் அறிஞர் இதனை விவரித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படாமலிருந்து, மீண்டும் அகப்பட்ட செய்தி 2011-ல் வெளியாயிற்று. அடியோடு அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் வகுப்பில் இது வைக்கப்பெற்றது.

இதன் வீடு நாணல் மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பொந்து. நிற்கும் கழியில் சிறு பிளவு இருந்தாலன்றி உட்புக வழியில்லை. பிளவோ மிகக் குறுகியது. தவளை உடலைச் சுருக்கிக் கொண்டே நுழைதல் வேண்டும். பெண் சுமார் 5 முதல் 8 முட்டைகளை உட்சுவரில் ஒட்டவிட்டு நீங்கும். காவல் முழுதும் தந்தையினுடையது. மாலையில் இரைதேடச் சிறிது நேரம் வெளிச்செல்வது தவிர, அது முட்டைகளை விட்டகல்வதில்லை. காவலின்றேல் அதே இனத்து வேறு ஆண் தவளைகள் வந்து அம்முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. சேஷாத்ரி, பிக்ஃபோர்டு என்பார் தந்தையை அப்புறப்படுத்திச் சோதித்து, 2018-ல் இதனை வெளியிட்டனர். வியப்பாயினும் உண்மையே. தலைப்பிரட்டைப் பருவம் இதற்கில்லை. முட்டையினின்று சிறு தவளையே நேராக வெளிப்படும்.

நாணல் மூங்கில் கூடை, பாய், காகிதக்கூழ் முதலியவற்றிற்கு வெட்டப்படுவது. புதர் முழுதும் வெட்டுண்டால், அருகில் எத்தனை ஓடைகள் இருப்பினும் இத்தவளைக்கு முட்டையிட இடமில்லை. எல்லாக் கழிகளிலும் பிளவு இருப்பதில்லை ஆதலின், புதரிற் பாதியை விட்டுவைத்தாலும், விட்டவை பிளவற்றவையாயின் பயனில்லை. முட்டையிடும் மழைக்காலத்தில் வெட்டினால் முட்டையும் காவல் தந்தையும் கழியோடு போகும். வெட்டுவோர் மழை நீங்கும் வரை பொறுத்து, பிளவுபட்ட கழிகளை நிற்கவிடுதல் நலம். பிளவுபட்ட கழி கூடை முடைவோருக்கும் அவ்வளவு உகந்ததன்று. அதனை விடுவதால் நஷ்டம் சொற்பமே.