நீச்சல் குளத்தை எப்போது மூடுவது?

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் என் மகன் வீட்டுக் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் உண்டு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் தினம். அத்துடன் கோடை முடிந்ததென்று பலர் குளத்தை மூடிவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததும் நானும் அதையே சொன்னேன், மகனும் கேட்டான். மே மாதம் விரிப்பை எடுத்தபோது தண்ணீர் பச்சைப் பாசி! சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆயிற்று.

தவறு என்னுடையது. நாட்காட்டியைப் பார்த்தேனே தவிர, வெப்பமானியைப் பார்க்கவில்லை. வெதுவெதுப்பான நீரில் பாசி வேகமாக வளரும். மூடியபின் பம்ப் ஓடாது. குளோரினும் நாளடைவில் தீர்ந்துவிடும். ஆகவே, நீரின் வெப்பநிலை சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, ஒரு வாரம் அப்படியே நின்றபின் மூடுவதே நல்லது.

அதற்காகக் கடுங்குளிர் வரும்வரை தள்ளிப்போடவும் கூடாது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். இரும்புக் குழாயே வெடிக்கும்போது பிளாஸ்டிக் எம்மாத்திரம்? பம்ப், வடிகட்டி, குழாய்களில் உள்ள நீரை முன்னதாகவே வெளியேற்றிவிட வேண்டும். ஆனால் குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீரின் அழுத்தம் குளத்தையே மேலே தூக்கிவிடலாம்.

மறு ஆண்டு அக்டோபர் நடுவில் மூடினோம். மே மாதம் குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: விரிப்பின்மேல் மழைநீர் தேங்கினால் உடனே இறைத்துவிடுங்கள். சிறு குழந்தைக்கு அந்த அரையடித் தண்ணீரும் ஆபத்துதான்.