சோலார் பேனல் சரியாக வேலை செய்கிறதா? எக்செல்லில் கண்டுபிடிக்கலாம்

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் மாட்டிய முதல் வாரம், நன்றாக ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். 3 கிலோவாட் என்றால் மணிக்கு 3 யூனிட். 24 மணிக்கு 72 யூனிட். இரவைக் கழித்தாலும் 36 வர வேண்டாமா? இன்வெர்ட்டர் காட்டியதோ 12!

பழுது பேனலில் இல்லை, என் மனக்கணக்கில் இருந்தது. பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, சோதனைக் கூடத்தில் எடுத்தது. அங்கே சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். நம் மாடியில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழுகிறது. உச்சி வெயிலிலோ பேனல் 60 டிகிரி வரை சுடுகிறது. சூடு ஏற ஏற அது தரும் மின்சாரம் குறையும்.

எனவே 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய யூனிட்டில், உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கிறார்கள். இதுதான் கெப்பாசிட்டி ஃபேக்டர். என் கணக்கில் 12-ஐ 72-ஆல் வகுத்தால் 16.7 சதவீதம். நம் பக்கத்து வீட்டு மாடிகளில் 15 முதல் 19 வரை வந்தால் இயல்புதான். பேனல் விளம்பரங்களில் வரும் 20, 22 சதவீதம் வேறு சமாச்சாரம். விழும் வெளிச்சத்தில் எவ்வளவு மின்சாரமாக மாறுகிறது என்பது அது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

இப்போது எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரியில் மாதம், யூனிட், நாட்கள், சதவீதம் என நான்கு தலைப்புகளை ஏ1 முதல் டி1 வரை டைப் செய்யுங்கள். அடுத்த வரியில் ஜனவரி, 372, 31 என்று என் கணக்கையே போட்டுப் பாருங்கள். பிறகு டி2 செல்லில் (எக்செல் செல்தான், சோலார் செல் அல்ல!) = குறியைத் தட்டி, பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். தொடர்ந்து /(3*24* என்று டைப் செய்து, சி2 செல்லைக் கிளிக் செய்து, ) போட்டு என்டர் தட்டுங்கள். 3 என்பது என் பேனலின் கிலோவாட். உங்களுடையது 5 என்றால் 5 போடுங்கள். அடைப்புக்குறியை மறந்தால் 92256 என்று வந்து நிற்கும். நான் மறந்தேன், வந்தது.

சரியாகப் போட்டால் 0.166667 வரும். ஹோம் டேபில் உள்ள % பட்டனை அழுத்தி, இன்க்ரீஸ் டெசிமல் பட்டனை ஒருமுறை அழுத்தினால் 16.7% ஆகிவிடும். டி2-வின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற மாதங்களுக்கும் ஃபார்முலா தயார்.

யூனிட்டை எங்கே பார்ப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நெட் மீட்டரில் உள்ள எக்ஸ்போர்ட் ரீடிங், வெளியே போன மின்சாரத்தை மட்டுமே காட்டும். பகலில் உங்கள் வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் சாப்பிட்டது அதில் இருக்காது. ஆகவே இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண்ணை மாதக் கடைசி நாளன்று மாலையில் குறித்து, போன மாத எண்ணைக் கழியுங்கள்.

இந்தக் கணக்கு எனக்கு உதவியது மார்ச் மாதத்தில். பிப்ரவரியில் 363 யூனிட், மார்ச்சில் 380. அதிகமாகியிருக்கிறதே என்று மகிழ்ந்தேன். சதவீதத்தைப் பார்த்தால் 18.0-லிருந்து 17.0-க்கு இறங்கியிருந்தது! பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதை யூனிட் மறைத்துவிட்டது. வெயில் ஏறும் மாதத்தில் சதவீதம் இறங்கக் கூடாது. அப்போதே மாடி ஏறியிருக்க வேண்டும், சோம்பலில் விட்டுவிட்டேன். ஏப்ரலில் 324 யூனிட், 15.0 சதவீதம். ஏறிப் பார்த்தால் பேனலில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. பக்கத்துத் தெருவில் சாலை வேலை நடந்தது, மழையும் இல்லை. கழுவிவிட்ட பிறகு மே மாதம் 396 யூனிட், 17.7 சதவீதம்.

கழுவுவதென்றால் விடியற்காலையில், இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். உச்சி வெயிலில் சுடுகிற கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

சதவீதம் இறங்கினால் உடனே பேனலைச் சந்தேகிக்கவும் வேண்டாம். பேட்டரி இல்லாத இணைப்புகளில், லைன்மேன் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பகலில் மின்வெட்டு ஏற்பட்ட மணிகளை ஐந்தாவது நெடுவரிசையில் குறித்து வையுங்கள்.