மூடம் என்னும் சொல்

மூடநம்பிக்கை என்னும் சொல் இன்று மேடையிலும் ஏட்டிலும் மலிந்து கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கத்தார் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றனர். ஆனால் அதன் முற்பகுதியாகிய 'மூடம்', நம் சமய நூல்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கணம் வகுத்து ஆளப்பட்ட கலைச்சொல் என்பதை நம்மவருள்ளும் பலர் அறியார். அதனை இங்குக் காண்போம்.

அறிவை மூடுவதால் மூடம் எனப்பட்டது என்று சிலர் பொருள் உரைப்பர். கேட்க இனிதாயினும் பொருந்தாது. மூடு என்னும் தமிழ் வினைவழி வந்தவை மூடி, மூட்டம் முதலியன. மரக்காணத்து உப்பளத்தார் அஞ்சும் மேகமூட்டம் இவ்வினத்தது. மூடமோ வடமொழியில் 'முஹ்' என்னும் வேரிற் பிறந்தது. மயங்குதல் என்பது வேர்ப்பொருள். மோகம், மோகனீயம் என்பனவும் அதன் கிளைகளே. எனவே மூடன் என்பான் மயங்கியவன், எழுத்தறியாதவன் அல்லன்.

இவ்வேறுபாடு சிறிதன்று. எண்வினைகளுள் அறிவை மறைப்பது ஞானாவரணீயம். நற்காட்சியைத் தடுப்பது மோகனீயத்தின் ஒரு கூறாகிய தரிசன மோகனீயம். அறியாதவன் சொல்லிக் கொடுத்தால் தெளிவான். மயங்கியவனோ தான் கற்ற கல்வியையே தன் மயக்கத்துக்குத் துணையாக்கிக் கொள்வான். இராகு காலம் கழியட்டும் என்று வேலைக்கான விண்ணப்பத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும் பட்டதாரிகளை நாம் கண்டிருக்கிறோம். கணக்குத் தவறிய பிள்ளையை 'மூடா' என்று வைவது, இவ்வகையில் பார்த்தால், சொற்பிழையும் ஆகும். ஆசிரியர்கள் அதனை விடுதல் நலம்.

காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மூடம் மூன்று என்றார். அந்நூலைத் தழுவிக் குறள் வெண்பாவில் எழுந்த அருங்கலச்செப்பும் அவற்றைக் கூறும். அவை உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்பன.

ஆற்றிலும் கடலிலும் நீராடுதல், மணலையும் கல்லையும் குவித்தல், மலையினின்று வீழ்தல், தீப்பாய்தல் ஆகியவற்றை அறமெனக் கருதிச் செய்வது உலக மூடம். 'கருதி' என்பதே இங்கு உயிர்நிலை. பொம்மையார்பாளையத்து மீனவர் நாள்தோறும் கடலில் இறங்குகின்றனர், அது தொழில். கோடையில் பிள்ளைகள் அலையில் குளிக்கின்றனர்; அது விளையாட்டு. நீர் வினையைக் கழுவும் என்றெண்ணி மூழ்கும்போதுதான் அது மூடமாகிறது. உப்புநீர் வினை தீர்க்குமாயின், பாத்தியில் கால் ஊன்றி வாழ்நாளைக் கழிக்கும் உப்பளத் தொழிலாளர் நம் எல்லாரினும் முன்னே வீடு பெற்றிருக்க வேண்டும். விளக்கு வைத்தபின் அண்டை வீட்டார்க்கு உப்புக் கொடுத்தால் திருமகள் அகல்வாள் என்று நம் இல்லங்களில் சொல்வதும் இதன்பாற்படும்.

உடைமையும் கொலைத்தொழிலும் விடாத வேடதாரியரைத் துறவியர் எனப் போற்றுவது பாசண்டி மூடம். இதற்கு விளக்கம் வேண்டா, நாளிதழ் போதும்.

தேவ மூடமே நம்மைச் சுடுவது. விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வரம் வேண்டி வழிபடுவது அது. அங்ஙனமாயின், நம் கோயில்களில் தருமதேவிக்கும் பத்மாவதிக்கும் ஜ்வாலாமாலினிக்கும் செய்யும் சிறப்பு என்னாவது? உரையாசிரியர் பிரபாசந்திரர் இவ்வினாவைத் தாமே எழுப்பி விடையும் தருகிறார். வரம் வேண்டிச் செய்தால் அது நற்காட்சிக்கு மாசே. அறநெறியைக் காப்பவர் என்னும் மதிப்பால் செய்தால் மாசன்று. மகளின் திருமணம், மகனின் தேர்வு, நிலத்து வழக்கு என நேர்ந்துகொண்டு இயக்கியின் முன் நிற்போர், அருகன் திருமுன் எத்துணை நேரம் நின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதனைப் பிறர் சமயத்தின் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம்.

மூடத்துக்கு மறுதலை அமூடதிருஷ்டி, மயக்கமின்மை என்பர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அது நான்காவது. அதற்கு நூல்கள் காட்டும் சான்று வடமதுரை அரசி ரேவதி. தென்மதுரையில் இருந்த முனிவர் ஒருவர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்ப, அதனைக் கொண்டு சென்ற வித்தியாதரத் துறவி அவளைச் சோதிக்க எண்ணினான். பிரமன், திருமால், சிவன் எனத் தோன்றினான், ஊரார் திரண்டனர். இறுதியில் தீர்த்தங்கரராகவே தோன்றினான். இருபத்து நால்வரே என நூல் கூற, இவர் எங்ஙனம் வந்தார் என்று ரேவதி அரண்மனையை விட்டு அசையவில்லை. பின்பு அவனே நோயுற்ற துறவியாக வாயிலில் வந்து வீழ்ந்தபோது, அவள் எழுந்தோடி வந்து, அவன் உமிழ்ந்ததைத் தன் கையாலேயே துடைத்தாள்.